கறுப்பு ரோபோவுக்குள் யாருடைய மூளை?

பழைய கதை ஒன்று புதுப் படமாக வரும்போது நாம் முதலில் சரிபார்ப்பது அதன் தோற்றத்தை. உடையின் நிறம் மாறிவிட்டதா, நாயகன் ஓட்டிய வண்டி அப்படியே இருக்கிறதா, பழைய பாட்டின் மெட்டு எங்காவது கேட்கிறதா என்று பார்க்கிறோம். 2014 மே 24 அன்று ஜப்பானில் வெளியான 'கிக்காய்டா ரீபூட்' படத்தையும் இப்படி அளந்து பார்த்துவிட்டு, தேர்ச்சி என்றோ தோல்வி என்றோ மதிப்பெண் போட்டு நகர்ந்துவிட முடியும். அதில் தவறில்லை, ஆனால் அதனால் தெரியவரும் செய்தி மிகக் குறைவு. ஒரு கதைக்குள் எது கழன்றால் அந்தக் கதையே இல்லாமல் போகுமோ, அந்த ஒன்றைப் புதிய படம் வைத்திருக்கிறதா என்பதே என் கேள்வி. கிக்காய்டா கதையில் அந்த ஒன்று சிவப்பும் நீலமுமான உடல் இல்லை, முதுகில் தொங்கும் கிதார் இல்லை, மஞ்சள் நிற சைடுகார் மோட்டார் சைக்கிளும் இல்லை. நல்லது செய்ய விரும்பும் ஒருவனுக்கு நல்லது எது என்றே பிடிபடாத ஒரு நிலைமையை அந்தக் கதை உருவாக்கியது. 2014இன் படம் அந்தக் கதையின் அரசியலை முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குக் கூர்மையாக்கியது; அதே நேரத்தில் இந்த நிலைமையைக் கைநழுவ விட்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் படத்துக்கு நியாயம் செய்ததாகும்.

மூலத்திலிருந்து தொடங்குவோம். ஷோதாரோ இஷினோமோரி 1938இல் மியாகி மாவட்டத்தில் பிறந்தவர். ஒசாமு தெசுகாவுக்கு உதவியாளராக வரைந்து வளர்ந்தவர். 'சைபோர்க் 009', 'கமென் ரைடர்' ஆகியவற்றைப் படைத்தவர். தனியொருவர் வரைந்த காமிக்ஸ் பக்கங்களின் எண்ணிக்கைக்காக, 1,28,000 பக்கங்கள், மறைவுக்குப் பின் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். 1971இல் 'கமென் ரைடர்' தொலைக்காட்சியில் பெற்ற வெற்றி, உருமாறும் நாயகர்களுக்கு ஒரு பெரிய அலையைக் கிளப்பிவிட்டது. அந்த அலையில் வந்ததுதான் 'ஜின்சோ நிங்கென் கிக்காய்டா'. டோயெய் நிறுவனம் தயாரித்த இத்தொடர் 1972 ஜூலை 8 முதல் 1973 மே 5 வரை 43 வாரங்கள் ஓடியது. இதே கதையை இஷினோமோரி 'ஷோனென் சண்டே' வார இதழில் தனியே வரைந்துகொண்டிருந்தார். தொடர் ஒளிபரப்பானது சனிக்கிழமை இரவு 8 மணிக்கு; எதிர் அலைவரிசையில் 'தி டிரிஃப்டர்ஸ்' குழுவின் நகைச்சுவை நிகழ்ச்சி நாட்டையே கட்டிப்போட்டிருந்த நேரம் அது. அவ்வளவு கடுமையான போட்டி நேரத்தில் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு சண்டைக் கதையில் இப்படி ஒரு அறச்சிக்கல் நுழைந்ததே வியப்புதான்.

கதை எளிமையானது. 'டார்க்' என்னும் இரகசியக் கும்பலின் தலைவன் பேராசிரியர் கில். அவன் பிடியில் சிக்கிய ரோபோ அறிஞர் கோம்யோஜி, அவனுக்காக அழிவு ரோபோக்களைச் செய்து தரும்படி வற்புறுத்தப்படுகிறார். அதே கைகளால் அவர் யாருக்கும் தெரியாமல் ஜிரோ என்ற எந்திர மனிதனையும் செய்கிறார். அவனுக்குள் மனசாட்சிச் சுற்று ஒன்றைப் பொருத்துகிறார். முடிப்பதற்குள் எல்லாம் சிதறுகிறது. அறிஞர் நினைவிழந்து ஊர் ஊராகக் கிடைத்த வேலையைச் செய்து திரிகிறார்; மகள் மிட்சுக்கோவும் சிறுவன் மசாருவும் அப்பாவைத் தேடிப் போகிறார்கள்; ஜிரோ அவர்களுக்குக் காவல். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிரோ வாராவாரம் உடைத்து எறியும் பகை ரோபோக்கள் அவனைப் படைத்தவரின் கையால் உருவானவை. உறவு முறையில் பார்த்தால் அவை அவனுடைய உடன்பிறப்புகள். அவனுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சிறு மின்சுற்று மட்டும். அதுவும் பாதியில் நின்றுபோன வேலை.

அந்தப் பாதி வேலையைக் கில் நன்றாக அறிந்திருக்கிறான். அவன் ஊதும் குழலோசை கேட்டால் ஜிரோவின் சுற்று தடுமாறும். தலையைப் பிடித்துக்கொண்டு துடிப்பான். கும்பலின் கட்டளைக்கு அடங்கச் சொல்லி ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் அதை எதிர்க்கும். ஏதோ ஓர் இரைச்சல் குழலோசையை மூடும்போதுதான் அவனால் தன்னை மீட்டுக்கொண்டு கிக்காய்டாவாக உருமாற முடிகிறது. வாரத் தொடருக்கு இது வசதியான உத்தி என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் 43 வாரம் இதையே பார்த்த குழந்தைக்கு என்ன பதிந்திருக்கும்? நல்லவன் என்பவன் கோட்டைக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பவன் இல்லை என்பது பதிந்திருக்கும். இன்னொருவன் ஊதினால் இவனுடைய நன்மை ஆட்டம் காணும். சில வேளைகளில் தற்செயல்தான் அவனைக் காப்பாற்றும். சிவப்பும் நீலமுமாகப் பிளந்த உடலும், ஒரு பக்கம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தலைக்குள் அம்மணமாய் நிற்கும் மின்சுற்றுகளும் இதையே காட்சியாக்குகின்றன. அழகான நாயகன் உருமாறி இன்னும் அழகாவதுதான் அக்காலத்து வழக்கம். ஜிரோ உருமாறினால் முடிக்கப்படாத ஒரு பொருளாகத் தெரிந்தான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? எந்திரத்துக்கு அறம் கற்பிக்கும் கதைகளில் பலருக்கும் நினைவு வருபவை ஐசக் அசிமோவ் 1942இல் வகுத்த மூன்று விதிகள். விதி என்பது வெளியிலிருந்து போடும் தடை. மீறக் கூடாது என்று எழுதி வைத்தால் எந்திரம் மீறாது, மீறினால் அது பழுது. இஷினோமோரியின் சுற்று அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அது தடுப்பதைவிட வலிக்க வைப்பதே அதிகம். இதற்கு நெருக்கமான முன்னோடி அவருடைய ஆசானிடம் இருக்கிறது. தெசுகா 1955இல் எழுதிய, 'ஆட்டம்' என்ற சிறுவன் ரோபோவின் கதை ஒன்றில், ஸ்கங்க் என்ற கயவன் அவனைக் குறைபட்டவன் என்கிறான். காரணம், அவனிடம் கெட்ட மனம் இல்லையாம். முழுமையான ரோபோ என்றால் மனிதனைப்போல் கெட்டதையும் விரும்பத் தெரிய வேண்டுமாம். தெசுகா இந்த வாதத்தைக் கயவன் வாயில் வைத்தார், அதனால் கதை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. சீடர் அதைத் தாண்டவில்லை. ஆசானின் கயவன் போகிறபோக்கில் சொன்னதையே தன் நாயகனின் விதியாக்கினார் என்று நான் படிக்கிறேன்.

இனி, இந்தச் சொற்பொழிவின் மையத்துக்கு வருகிறேன். தொடரின் கடைசிப் பகுதியில், 37ஆம் வாரத்தையொட்டி, ஹக்காய்டா என்ற கறுப்பு ரோபோ வருகிறான். கிக்காய்டாவை அழிப்பதற்கென்றே கில் உண்டாக்கியவன். அவன் தலையின் கண்ணாடி மூடிக்குள் ஒரு மனித மூளை தெரிகிறது. அது கோம்யோஜியின் மூளை. அறிஞரின் உடல் வேறிடத்தில் உயிரோடு கிடத்தப்பட்டிருக்கிறது. ஹக்காய்டா இயங்குவதற்கு அவருடைய இரத்தமும் தேவை. இப்போது ஜிரோவின் நிலையைப் பாருங்கள். எதிரியை அடித்தால் படைத்தவர் சாவார். அடிக்காவிட்டால் அவருடைய பிள்ளைகள் சாவார்கள். குழலோசைக்கு இங்கே வேலையே இல்லை. மனசாட்சியைக் கலைக்க வேண்டிய தேவை கில்லுக்குத் தீர்ந்துவிட்டது. அது சரியாக வேலை செய்வதே இப்போது அவனுக்குப் போதும். முதல் 36 வாரங்களில் சுற்றின் குறை நாயகனைத் துன்புறுத்தியது. இப்போது அதன் நிறைவே அவனைக் கட்டிப்போடுகிறது. சிறுவர் தொடர் ஒன்றின் திரைக்கதையில் இவ்வளவு நேர்த்தியான முடிச்சை நான் அதிகம் கண்டதில்லை.

ஹக்காய்டாவின் முடிவும் இந்த முடிச்சின் நீட்சிதான். கிக்காய்டாவை வீழ்த்துவது ஒன்றே அவன் வாழ்வின் நோக்கம். ஆனால் வேறொரு அழிவு ரோபோ முந்திக்கொண்டு ஜிரோவைச் சிதைத்துவிடுகிறது. நோக்கம் பறிபோன ஹக்காய்டா தன் எசமானன் மீதே திரும்புகிறான். மனசாட்சி இல்லாமல் நோக்கம் மட்டும் உள்ள ஒன்று, நோக்கம் தீர்ந்ததும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை கிடைக்காது. அடுத்து வந்த 'கிக்காய்டா 01' தொடர், உள்ளபடியே சொன்னால், இந்தத் தரத்தை எட்டவில்லை. அதன் நாயகன் இச்சிரோவுக்குக் கொடுக்கப்பட்ட பலவீனம் சூரிய மின்கலம். வெயில் இல்லாவிட்டால் சோர்ந்துவிடுவான். அறம் சார்ந்த பலவீனம் இருந்த இடத்தில் மின்சாரம் சார்ந்த பலவீனம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கதை எப்படித் தன் உயிரைத் தானே மறக்கும் என்பதற்கு மறுதொடக்கங்கள் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதன் சொந்தத் தொடர்ச்சியே சாட்சி.

இதழில் வந்த சித்திரக்கதையோ வேறு திசையில் போய் இன்னும் இருண்ட இடத்தில் நின்றது. தொடக்கத்திலேயே பினோக்கியோவை நினைவூட்டிய அந்தக் கதையின் இறுதியில், பகைவன் ஜிரோவுக்கும் அவன் சகோதரர்களான மற்ற எந்திர மனிதர்களுக்கும் கீழ்ப்படிதல் சுற்று ஒன்றைப் பொருத்துகிறான். மற்றவர்கள் முழு அடிமைகளாகிறார்கள். ஜிரோவுக்குள் மட்டும், முன்பே இருந்த அரைகுறை மனசாட்சியும் புதிதாக நுழைந்த தீமையும் மோதிச் சமநிலை கொள்கின்றன. அதன் பயனாக அவனுக்குப் பொய் சொல்ல வருகிறது. அடங்கியவன்போல் நடித்து, பகைவனை மட்டுமின்றிச் சொந்தச் சகோதரர்களையும் அழிக்கிறான். மனிதனுக்கு இணையானவன் ஆகிவிட்டான், ஆனால் இதனால் அவனுக்கு மகிழ்ச்சி கிடைத்ததா என்ற கேள்வியோடு கதை நிற்கிறது. தெசுகாவின் கயவன் கேட்ட முழுமை கடைசியில் கிடைத்துவிட்டது, அதன் விலை அவனுடைய குடும்பம். 2000–01இல் வந்த அனிமேஷன் வடிவம், தொலைக்காட்சியின் பாதையை விட்டு இந்தப் பாதையில்தான் நடந்தது.

இந்தப் பின்னணியோடு 2014இன் படத்துக்குள் நுழைவோம். கடோகவாவின் ஷின்இச்சிரோ இனோவேயும் டோயெய்யின் ஷின்இச்சிரோ ஷிராகுராவும் இணைந்து தயாரிக்க, டென் ஷிமோயாமா இயக்கினார்; ஜிரோவாக ஜிங்கி இரியே நடித்தார். ஜப்பானியத் திரையுலகம் தன் பழைய நாயகர்களை வரிசையாக எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 'கேஷர்ன்' 2004இலும், 'டெட்சுஜின் 28' 2005இலும், 'காட்சமன்' 2013இலும் நடிகர்களோடு படமாகியிருந்தன. அந்த வரிசையில் இந்தப் படத்தைத் தனித்து நிறுத்துவது அதன் எதிரி. 1972இன் 'டார்க்' மலைக்குகையில் பதுங்கும் கும்பல் வகையைச் சேர்ந்தது. உலகை அழிப்பதற்கு அதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. 2014இல் அந்த இடத்தில் இருப்பது 'ஆர்க்' என்ற தேசியத் திட்டம். எந்திர மனிதர்களைக் கொண்டு நாட்டின் சிக்கல்களைத் தீர்ப்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். கோம்யோஜி இறந்துவிட்டார். திட்டம் கில்பர்ட் கன்சாக்கி என்ற சக அறிஞன் கைக்குப் போகிறது. கோம்யோஜியின் திறமை மீது அவனுக்குத் தீராத பொறாமை. பின்னால் பாதுகாப்பு அமைச்சர் நிற்கிறார். எந்திர மனிதன் ஆயுதமாகிறான். இறந்தவரின் ஆய்வுத் தரவு சிறுவன் மசாருவின் உடலுக்குள்ளேயே மறைந்திருப்பதால், அரசு இயந்திரம் ஒரு குழந்தையைத் துரத்துகிறது.

இந்த மாற்றத்தின் எடையை அந்த ஆண்டின் நாட்காட்டி காட்டும். 1967 முதல் ஜப்பான் கடைப்பிடித்துவந்த ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் கோட்பாடுகளை, 2014 ஏப்ரல் 1 அன்று பிரதமர் அபேயின் அரசு தளர்வான புதிய கோட்பாடுகளால் மாற்றியது. மே 13 முதல் 16 வரை ஜெனீவாவில், தாமாகவே இலக்கைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களைப் பற்றி ஐ.நா. உடன்படிக்கை ஒன்றின் கீழ் அரசுகள் முதன்முறையாக நிபுணர் கூட்டம் கூட்டிப் பேசின. மே 24இல் படம் வந்தது. ஜூன் 5 அன்று சாஃப்ட்பேங்க் நிறுவனம், மனிதரின் உணர்ச்சியைப் படிக்கும் ரோபோ என்று சொல்லி 'பெப்பர்' என்பதை அறிமுகப்படுத்தியது. ஜூலை 1 அன்று அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவுக்கு அமைச்சரவை புது விளக்கம் தந்து, கூட்டுத் தற்காப்புக்கு வழி திறந்தது. திரைக்கதை எழுதியவர்கள் இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல உட்கார்ந்தார்கள் என்று நான் வாதிடவில்லை. படத்தின் வேலை இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஆனால் ஒரு நாடு தன் தொழில்நுட்பத்தை எதற்குத் தரலாம் என்று வெளிப்படையாக விவாதித்துக்கொண்டிருந்த வாரங்களில், அந்த விவாதத்தின் நடுப்புள்ளியிலேயே ஒரு வெகுசனப் படம் தன் தீயவனை நிறுத்தியது. குகைக்குள் இருக்கும் கும்பலுக்கு நம்மோடு தொடர்பில்லை. வரவு செலவுத் திட்டத்தில் பணம் பெறும் ஆய்வகம் வாக்களித்தவர் எல்லாருக்கும் சொந்தம்.

இதோடு சேர்த்துப் படம் செய்த இன்னொரு நல்ல காரியம், மனசாட்சிச் சுற்றை ஓர் இராணுவக் குறைபாடாகக் காட்டியது. மேரிஜுன் தகாஹாஷி நடித்த மரி என்ற பெண் எந்திரத்துக்கு அந்தச் சுற்று கிடையாது. அதனால் தயக்கமும் கிடையாது. ஜிரோ தயங்குகிறான். ஆயுதம் வாங்குபவரின் கண்ணுக்கு எது சிறந்த சரக்கு என்பதில் ஐயமே இல்லை. ஜெனீவாவில் கூடியவர்கள் சட்டமொழியில் கேட்டதும் இதைத்தான்: கொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்கும் மனிதனை முடிவெடுக்கும் வளையத்திலிருந்து எடுத்துவிடலாமா? படம் இந்தக் கேள்வியைப் பெண்ணொருத்தியின் வேகமாகவும் ஆணொருவனின் தடுமாற்றமாகவும் சண்டைக்காட்சிக்குள் வைத்துவிட்டது. வசனத்தில் விளக்கியதைவிட இது மேல்.

அப்படியானால் குறை எங்கே? கறுப்பு ரோபோ வரும் இடத்தில். படத்தின் ஹக்காய்டாவுக்குள் இருப்பது கன்சாக்கியின் மூளை. பொறாமையில் வெந்த அந்த மனிதன், கோம்யோஜியின் படைப்பைத் தன் கையாலேயே வென்று காட்ட வேண்டும் என்று தன்னையே அதற்குள் ஏற்றிக்கொள்கிறான். பாத்திர உளவியலாகப் பார்த்தால் இது பொருத்தம். மூலத்தில் கில்லுக்கு இல்லாத ஒரு மனிதக் காரணத்தைக்கூட இது தருகிறது. ஆனால் ஜிரோவின் பக்கம் நின்று பாருங்கள். எதிரே நிற்பவனைக் கொன்றால் யார் சாவார்? கெட்டவன் சாவான். அவ்வளவுதான். அடிப்பது சரியா என்ற கேள்வி எழ இடமில்லை. அடிக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் கேள்விக்கு விடை பலத்தில் இருக்கிறது, மனசாட்சியில் இல்லை. மனசாட்சியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிய படம், அதற்கு வேலை வரவேண்டிய உச்சக்கட்டத்தில் அதை வேலையில்லாமல் உட்காரவைத்துவிடுகிறது. அமைச்சரையும் ஆய்வகத்தையும் துணிந்து இழுத்து வந்தவர்கள், கடைசியில் எல்லாக் குற்றத்தையும் ஒரு பொறாமைக்காரனின் மண்டையோட்டுக்குள் அடக்கி, அதை உடைத்தால் தீர்ந்தது என்று விட்டுவிடுகிறார்கள். தேசியத் திட்டத்தின் பொறுப்பு தனிமனிதனின் நோயாகச் சுருங்கிவிடுகிறது. படத்தின் அரசியல் துணிவும் அறச்சிக்கலும் ஒரே இடத்தில், ஒரே முடிவினால் சேதமாகின்றன.

மூலத்தை நன்கு அறிந்தவர்கள் இங்கே மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும். பகைவன் தன் மூளையையே ஹக்காய்டாவுக்குள் கொண்டுவருவது 2014இன் கண்டுபிடிப்பு இல்லையே; 'கிக்காய்டா 01' தொடரிலும் சித்திரக்கதையிலும் கில்லின் மூளையோடு ஹக்காய்டா வருகிறானே, பிறகு எப்படி இதை விலகல் என்று சொல்வது? உண்மைதான். ஆனால் அது எந்த வரிசையில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கதைகளில் கோம்யோஜியின் மூளை முதலில் அந்தத் தலைக்குள் இருந்தது. ஜிரோ அந்தச் சித்திரவதையைக் கடந்த பிறகுதான், அது மீட்கப்பட்ட பிறகுதான், கில்லின் மூளை அங்கே வருகிறது. தந்தையின் உயிர் இருந்த இடத்தில் இப்போது பகைவன் இருக்கிறான் என்ற நினைவு பார்ப்பவருக்கும் ஜிரோவுக்கும் இருக்கும். சித்திரக்கதையில் அந்தப் பகைவனை அழிக்கும் வழியில் சகோதரர்களும் குறுக்கே நிற்கிறார்கள். அங்கும் கை சுத்தமாகத் தப்பவில்லை. 2014இன் படம் இரண்டாம் ஹக்காய்டாவை எடுத்துக்கொண்டு முதலாமவனை விட்டுவிட்டது. முடிச்சைப் போடாமலே அவிழ்த்த கதை இது.

இரண்டாவது மறுப்பு நேரத்தைப் பற்றியது. 43 வாரத்தில் விரிந்ததை ஒரே படத்தில் எப்படி அடக்குவது என்று கேட்பார்கள். இதற்குப் பதில் டோயெய்யின் சொந்தக் கிடங்கிலேயே இருக்கிறது. 1995இல் கெய்தா அமெமியா ஹக்காய்டாவையே நாயகனாக்கி ஒரு படம் எடுத்தார். திரையரங்கில் ஒரு மணி நேரம்கூட ஓடாத படம் அது. 'ஜீசஸ் டவுன்' என்ற நகரம். அங்கே அமைதியும் தூய்மையும் உண்டு, அமைதியின் பெயரால் எதிர்ப்பவர்களின் மூளையைக் கழுவும் ஆட்சியாளனும் உண்டு. அவனுக்குத் தேவதூதன் பெயர் கொண்ட வெள்ளை ரோபோ ஒன்று காவல். அழிப்பதற்காகவே பிறந்த கறுப்பு ரோபோ அந்த நகருக்குள் வருகிறது. யார் நல்லவர் என்ற கேள்வியை அமெமியா நிறத்தாலேயே தலைகீழாக்கினார். படத்தில் பேச்சு குறைவு, கதை அதைவிடக் குறைவு, அதை நான் பெரிய படம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பார்ப்பவர் யார் பக்கம் நிற்பது என்று தடுமாறும் ஒரு நிலைமையை அவரால் அந்தச் சிறிய நேரத்துக்குள் கட்ட முடிந்தது. 2014இன் படமும் எதையும் கூடுதலாகச் சேர்க்கத் தேவையில்லை. கோம்யோஜி இறந்துவிட்டதாகச் சொல்லப்படும் கதையில், அவருடைய மூளை எங்கே போனது என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். பழைய முடிச்சு ஆய்வகத்தின் குளிர் அறைக்குள்ளேயே தயாராக இருந்திருக்கும், அரசின் குற்றமும் பல மடங்கு கனத்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு குரல் எப்போதும் வரும்: இது குழந்தைகளுக்கான சண்டைப் படம், இதில் இவ்வளவு சுமையை ஏன் ஏற்றுகிறீர்கள்? மூலத்தைப் பார்த்தவர்களும் குழந்தைகள்தான் என்பது என் பதில். இதற்கு ஜப்பானுக்கு வெளியே நல்ல சான்று இருக்கிறது. 1974இல் ஹவாயின் கிக்கு தொலைக்காட்சி இந்தத் தொடரை ஒளிபரப்பியது. குரல் மாற்றவில்லை, ஜப்பானியப் பேச்சு அப்படியே ஒலிக்க, கீழே ஆங்கில எழுத்து ஓடியது. ஜப்பானியம் அறியாத பிள்ளைகளும் அதைப் படித்துக்கொண்டே பார்த்தார்கள். பித்துப் பிடித்ததுபோல் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, 2002 ஏப்ரல் 12ஐ 'கிக்காய்டா தலைமுறை நாள்' என்று ஹவாயின் ஆளுநர் பென் கயெட்டானோ அறிவித்தார். பழைய உடை நேர்த்தியால் இது நடந்திருக்க முடியாது. அந்த உடைகளில் தையல் தெரியும். வாராவாரம் தலையைப் பிடித்துக்கொண்டு துடித்த ஒருவனைக் குழந்தைகள் புரிந்துகொண்டார்கள் என்பதே எனக்குப் பொருந்தும் விளக்கமாகப் படுகிறது. பெரியவர் சொல் ஒரு பக்கமும் தனக்குச் சரி என்று படுவது மறுபக்கமும் இழுப்பது குழந்தைக்கு அன்றாட அனுபவம். சுமை என்று நாம் நினைப்பதை அவர்கள் சுமையாக எண்ணவில்லை.

நான்காவது மறுப்புதான் வலுவானது. அதை என்னால் முழுமையாகத் தள்ளிவிட முடியவில்லை. மனசாட்சி என்றால் இரண்டு தீமைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வது மட்டும்தானா? அன்றாட வாழ்வில் யாருக்கும் தந்தையின் மூளை எதிரியின் தலைக்குள் கிடைப்பதில்லை. வழக்கமாக எது சரி என்பது தெளிவாகவே தெரியும். செய்வதற்குத்தான் விலை அதிகம். ஆணை இடுபவர் மேலே இருக்கிறார், ஆணை தவறு என்று தெரிகிறது, மறுத்தால் நட்டம். 2014இன் படம் காட்டுவது இந்த வகை மனசாட்சியை என்றால், முடிச்சு இல்லை என்று குறை சொல்வது நியாயமா? இந்த வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு அமைச்சரிடமிருந்து வரும் அழைப்பு, கில்லின் குழலைவிட உண்மையானது. ஆனால் அந்த வகைக் கதைக்கு மறுக்கிற மனிதர் தேவை. மறுத்து இழக்கிற ஆய்வாளர் ஒருவர் கதையின் நடுவில் இருக்க வேண்டும். கோம்யோஜி அதற்குப் பொருத்தமானவர். அவரோ கதை வேகமெடுப்பதற்கு முன்பே இல்லாமல் போய்விட்டார். மிஞ்சியிருப்பவர்களில் மனசாட்சியின் முழுப் பொறுப்பும் ஓர் எந்திரத்தின் மேல் விழுகிறது. மனிதர்கள் அதைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். படம் இதைத் தெரிந்தே சொல்லியிருந்தால் அது கடுமையான விமர்சனமாக இருந்திருக்கும். தெரிந்து சொன்னதற்கான அடையாளம் எனக்குத் தென்படவில்லை.

படம் வந்த மே மாதத்தில், அதன் கிக்காய்டா 'கமென் ரைடர் கைம்' தொடரிலும் ஒரு வாரம் விருந்தாளியாக வந்து போனான். மேலும் தொடர இடம் வைத்து எடுக்கப்பட்டிருந்தும், அந்தப் பாதையில் இரண்டாம் படம் வரவில்லை. ஆனால் இஷினோமோரியின் நாயகர்களை ஜப்பான் நெடுநாள் தூங்க விடுவதில்லை; 2023இல் ஹிதெயாக்கி அன்னோ 'ஷின் கமென் ரைடர்' எடுத்தார். அப்படியே கிக்காய்டாவையும் என்றாவது ஒருவர் கையில் எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். அவரிடம் சிவப்பின் அடர்த்தியைப் பற்றியும் சைடுகாரின் வடிவத்தைப் பற்றியும் ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆய்வகம், அமைச்சர், நிதி ஒதுக்கீடு ஆகியவற்றை அவர் 2014இன் படத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவை அன்றைவிட இன்று இன்னும் பொருந்தும். திரைக்கதையின் முதல் வரியை எழுதுவதற்கு முன் அவர் முடிவு செய்ய வேண்டியது, கறுப்பு ரோபோவின் கண்ணாடி மூடிக்குள் யாரை வைக்கப்போகிறார் என்பதை. ஜிரோ இழக்க அஞ்சும் ஒருவர் அங்கே இருந்தால், மிச்சக் காட்சிகள் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.